போர்ப் படங்களில் குழந்தைகள் – கடிதம்

வணக்கம்.

இரண்டு சமாதிகளுக்கு நடுவே ஒரு சிறுவன் போர்வைக்குள் சுருண்டு படுத்திருக்கும் படத்தை, ‘சிரியாவில் பெற்றோரை இழந்த பிள்ளை’ என்று வாட்ஸப் குழுவில் பகிர்ந்தேன். அது நடிக்கவைத்து எடுத்தது என்று ஒருவர் ஆதாரத்தோடு போட்டார். இப்போது காசா, உக்ரைன் என்று எந்தப் பிள்ளையின் படம் வந்தாலும் செட்டப் என்றே தோன்றுகிறது. ஊடகங்களை எப்படி நம்புவது?

கே.

அன்புள்ள கே.,

அந்தப் படம் 2014 ஜனவரியில் பரவியது. எடுத்தவர் சவுதிப் புகைப்படக் கலைஞர். இடம் சவுதியின் யன்பு நகருக்கு அருகே. படுத்திருப்பது அவருடைய உறவுக்காரப் பையன். சமாதிகள் வெறும் கற்குவியல்கள். அவற்றின் அருகே அதே பையன் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தையும் அவரே வெளியிட்டிருந்தார். சிரியா என்று ஒட்டியது வேறு ஆட்கள். பொய் படத்தில் இல்லை, தலைப்பில் இருக்கிறது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். 2012 மே மாதம் சிரியாவின் ஹூலா படுகொலைச் செய்தியில், வெள்ளைத் துணி சுற்றிய உடல்களின் வரிசையை ஒரு சிறுவன் தாண்டிக் குதிக்கும் படத்தை பிபிசி தளம் போட்டது. அது 2003இல் இராக்கில் எடுத்தது. துணிக்குள் இருந்தவை புதைகுழியிலிருந்து தோண்டிய எலும்புகள். ‘உறுதிசெய்ய இயலவில்லை’ என்ற குறிப்போடுதான் வெளியிட்டார்கள். உறுதியாகாத படத்தைப் போடாமல் விட்டிருக்க வேண்டும். ஹூலாவில் இறந்த 108 பேரில் 49 பேர் குழந்தைகள் என்பது ஐ.நா. கணக்கு. அந்தச் சாவுகளை மறுக்க நினைப்பவருக்கு இப்படி ஒரு பிழை போதும்.

முழு நாடகமும் உண்டு. 2016 டிசம்பரில் எகிப்தின் போர்ட் சயீதில், இடிந்த கட்டடத்தின் முன் ஒரு சிறுமிக்குச் சிவப்புச் சாயம் பூசி, சிரியாவின் அலெப்போ நகரம் என்று படம்பிடித்தவர்களைப் போலீஸ் பிடித்தது.

ஆனால் ‘செட்டப்’ என்ற சொல்லைக் குண்டு போட்டவர்களும் எடுத்துக்கொள்வார்கள். 1937 ஆகஸ்ட் 28 அன்று ஷாங்காய் தெற்கு ரயில் நிலையத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சிதைந்த நடைமேடையில் தனியே உட்கார்ந்து கதறும் குழந்தையை எச்.எஸ். வோங் என்ற சீனச் செய்திப் படக்காரர் படமெடுத்தார். ஜப்பானியத் தரப்பு அதைப் போலி என்றது. அதே இடத்தில் எடுத்த வேறு படத்தில் குழந்தையின் அருகே ஒரு ஆள் இருப்பதால், அவர்தான் கொண்டுவந்து உட்காரவைத்தார் என்று இன்றும் வாதிடுகிறார்கள். காப்பாற்ற வந்தவர் என்றும் அதைப் படிக்கலாம். குழந்தையைத் தூக்கி வைத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், குண்டு விழுந்ததும் ஆட்கள் செத்ததும் இல்லையென்று ஆகிவிடாது. நிகழ்வு நடந்ததா, குழந்தையை நிறுத்திவைத்தார்களா, தலைப்பு சரியா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்த முறை படம் வந்தால், மேலே ஒட்டிய எழுத்தை வெட்டிவிட்டு கூகுள் லென்ஸிலும், படத்தை வைத்தே தேடும் டின்ஐ (TinEye) தளத்திலும் தேடுங்கள். டின்ஐயில் பழையது முதலில் வரும்படி அடுக்கலாம். செய்திக்கு முந்தைய தேதி கிடைத்தால் வேலை அங்கேயே முடிந்தது. ஒன்றும் கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பித் தேடுங்கள்; திருப்பிப் போட்டுத் தேடலை ஏமாற்றுவது வழக்கம், கடைப் பலகை எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். வாட்ஸப்பில் வந்த படத்தில் எடுத்த தேதியைத் தேடாதீர்கள், பெரும்பாலும் அனுப்பும்போதே அழிந்துவிடும். செய்தி நிறுவனப் படமென்றால் நாள், ஊர், எடுத்தவர் பெயர் மூன்றும் குறிப்பில் இருக்கும். அதே நிமிடத்தில் எடுத்த அடுத்தடுத்த படங்களையும் பாருங்கள். வெட்டி எறிந்த ஓரம் அங்கே தெரியும்.

உங்கள் குழுவில் அந்தப் பழைய செய்திக்கே பதிலாகத் திருத்தத்தைப் போடுங்கள். தனிச்செய்தியாகப் போட்டால் படத்தைப் பார்த்தவர் கண்ணில் அது படாது.