சீட்டு இருந்தால் கொள்ளை இல்லையா?

அன்புள்ள ஐயா,

கடலோடி கேப்டன் கிட் பற்றிய உங்கள் கட்டுரையை ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். "அரசாங்கச் சீட்டோடு கொள்ளையடிக்கப் போனவர்" என்று எழுதியிருந்தீர்கள். சீட்டு கொடுத்துவிட்டால் கொள்ளை கொள்ளை இல்லையா என்று கேட்கிறான். அப்படியானால் ராஜேந்திர சோழன் கடாரத்தில் (இன்றைய கெடா) செய்தது என்ன என்கிறான். எனக்குக் கோபம் வந்ததே தவிர பதில் வரவில்லை.

க., பந்திங்

அன்புள்ள க.,

பையனைத் திட்டாதீர்கள். நல்ல கேள்வி.

நான் வளர்ந்ததும் உங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான். பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த சமயம். சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு வருவேன். தோட்டத்துக் குமாஸ்தா, அதாவது கிராணியார், கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டைக் காட்டினால், கேட்டில் நிற்கும் காவல்காரர், அதாவது ஜாகா, சரிந்த கட்டையைத் தானே தூக்கிக் கட்டிவிடுவார். ஒரு நாள் மழையில் துண்டு நனைந்து மை கரைந்துவிட்டது. அன்றைக்கு நான் திருடன். அதே கட்டை, அதே சைக்கிள், அதே ஜாகா.

பிரைவட்டியர் என்பவர் துண்டு வைத்திருந்தவர், அவ்வளவுதான். போர்க்காலத்தில் எதிரி நாட்டுக் கப்பலைப் பிடித்துக்கொள்ளத் தனியாருக்கு அரசு எழுதிக் கொடுக்கும். பிடித்ததை நீதிமன்றத்தில் காட்டி, செல்லும் என்று தீர்ப்பு வாங்கிய பிறகே பங்கு பிரிக்கலாம். கஜானாவில் கை வைக்காமல் ஒரு கடற்படை! 1856 பாரிஸ் பிரகடனத்தில்தான் ஐரோப்பிய அரசுகள் இதைக் கைவிட்டன.

கிட் கட்டுரையில் ஒன்றை விட்டுவிட்டேன். 1698இல் மலபார்க் கரைக்கு அப்பால் அவர் பிடித்த கப்பலில் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இருந்தது. பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் லண்டனில் வழக்கு நடந்தபோது அந்தச் சீட்டைக் காணோம். 1701இல் தூக்கில் போட்டார்கள். சீட்டு இருபதாம் நூற்றாண்டில் அரசு ஆவணங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தது. (கிட் உத்தமர் என்று சொல்லவில்லை. தன் கப்பலின் பீரங்கிக்காரரை வாளியால் மண்டையில் அடித்துக் கொன்றவர்.)

நம் பக்கத்துக் கதை இதைவிட வேடிக்கை. 1603 பிப்ரவரி 25, ஜொகூர் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே, சாந்தா கத்தரினா என்ற போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுக்காரர் ஹெயம்ஸ்கெர்க் மடக்கினார். ஜொகூர்க்காரர்கள் கூட நின்றார்கள். கப்பல் நிறையச் சீனப் பட்டும் பீங்கானும். ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனபோது 30 லட்சம் கில்டருக்கு மேல் தேறியது. ஹெயம்ஸ்கெர்க்குக்கு இருந்ததோ தற்காப்புக்கான அதிகாரம். அதனால் என்ன? மறு வருடமே நீதிமன்றம் செல்லும் என்றது. அதை நியாயப்படுத்தி எழுத குரோஷியஸ் என்ற இளம் வக்கீலைப் பிடித்தார்கள். அவர் எழுதியதில் ஒரு பகுதிதான் 1609இல் 'சுதந்திரக் கடல்' என்று வெளியாகி, சர்வதேசக் கடல் சட்டத்துக்கே அடிப்படை நூல்களில் ஒன்றானது. சரக்கு முதலில் வந்தது, துண்டு பிறகு வந்தது.

மறுபுறம் குஞ்ஞாலி மரைக்காயர்கள். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள். போர்த்துக்கீசியர், தாங்கள் விற்ற 'கார்ட்டாஸ்' சீட்டு இல்லாத கப்பலை எல்லாம் பறித்துக்கொண்டு, எதிர்த்த மரைக்காயர்களைக் கொள்ளையர் என்றார்கள். நான்காம் குஞ்ஞாலி 1600இல் சாமூதிரியிடம் சரணடைந்தார். போர்த்துக்கீசியர் பிடித்துக்கொண்டு போய் கோவாவில் தலையை வெட்டினார்கள். நாமும் சளைத்தவர்கள் இல்லை. கொள்ளையனுக்கு மலாயில் 'லானுன்' என்கிறோமே, அது இரானுன் என்ற ஓர் இனத்தின் பெயரிலிருந்து வந்தது.

உங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் போகிற தூரத்தில் ஜுக்ரா இருக்கிறது. 1873இல் லங்காட் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு படகைக் கொள்ளையடித்து ஆட்களைக் கொன்றார்கள். தண்ணீருக்குள் சுக்கானைப் பிடித்துத் தொங்கி உயிர் தப்பிய ஒருவர், பிறகு மலாக்காவில் சிலரை அடையாளம் காட்டினார். அடுத்த ஆண்டு ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் வந்து நிற்க, சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட்டின் பெயரில் விசாரணை நடந்தது, தண்டனையும் நிறைவேறியது. கொலை பொய்யில்லை. ஆனால் 1875 ஆரம்பத்தில் சிலாங்கூரில் சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் ஆங்கிலேய ரெசிடெண்ட் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு படகைப் பறித்தவர்களைத் தேடி வந்தவர்கள், மாநிலத்தின் நிர்வாகத்தையே கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இனி ராஜேந்திரன். சொந்தப் படையை அனுப்பிய அரசன், ஆகவே பிரைவட்டியர் இல்லை. இன்றைய கடல் சட்டம் சொந்த லாபத்துக்காகச் செய்வதையே கடற்கொள்ளை என்கிறது, அதனால் கொள்ளையரும் இல்லை. ஆனால் பையனிடம், கல்வெட்டில் அவன் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியை மறைக்காதீர்கள். "அலைகடல் நடுவுள் பல கலம் செலுத்தி" என்று தொடங்குவதைத்தான் மேடையில் முழங்குகிறோம். அடுத்த வரிகள் கடாரத்தரசனிடமிருந்து எடுத்தவற்றைச் சொல்கின்றன: குவித்து வைத்திருந்த செல்வம், தோரணம், மணிக்கதவு. பெரும்பாலும் எடுத்துக்கொண்டு திரும்பிய படையெடுப்புதான் அது. நான் அதைச் சூறை என்றே சொல்வேன். என்னைத் திட்டிக் கடிதம் வரும், வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவனை ஜுக்ரா மலைக்குக் கூட்டிப் போங்கள். சுல்தானின் சமாதி அங்கேதான் இருக்கிறது. அடுத்த கடிதத்தை அவனே எழுதட்டும்.