ஒன்றுவிட்டு ஒன்று வேகமாக வளரும் மரம் வைக்கச் சொன்னாராமே ஜம்ஷெட்ஜி டாடா, ஏன்?

மும்பைக்காரர்களுக்கு ஜம்ஷெட்ஜி டாடா என்றால் தாஜ் ஹோட்டல்தான். எனக்கு அதைவிடப் பிடித்தது, 1902-ல் மகன் தோராப்ஜிக்கு அவர் எழுதிய கடிதம். இரும்பாலைக்கு இடமே முடிவாகாத நேரம். அதற்குள் தொழிலாளர் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்: தெருக்கள் அகலமாக இருக்கட்டும், நிழல் மரம் வை, அதில் ஒன்றுவிட்டு ஒன்று சீக்கிரம் வளரும் வகையாக இருக்கட்டும். புல்வெளி, பூங்கா, கால்பந்து, ஹாக்கி மைதானம், கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கச் சொன்னார்.

சரி, அது என்ன ஒன்றுவிட்டு ஒன்று? வரிசையில் ஒரு மரம் வேகமாக வளர்வது, அடுத்தது நிதானமாக வளர்வது, இப்படி மாற்றி மாற்றி நடுவது. வேகமாக வளரும் மரம் சில வருடங்களிலேயே நிழல் தரும். ஆனால் பெரும்பாலும் கட்டை உறுதி குறைவு, ஆயுளும் குறைவு. மழைக்காலத்தில் மாட்டுங்கா பக்கம் குல்மோஹர் கிளை முறிந்து கார் மேல் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். புளி, இலுப்பை போன்றவை மெதுவாக வளரும். அப்புறம் தலைமுறை தாண்டி நிற்கும். தென்னங்கன்றுகளுக்கு நடுவே வாழை போடுகிற அதே கணக்குதான்: தென்னை காய்க்கும்வரை வாழை கைகொடுக்கும்.

அந்தத் தொழிலாளர் ஊர்தான் பின்னாளில் ஜாம்ஷெட்பூர் ஆனது. அதை அவரே கட்டினார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் 1904-லேயே காலமாகிவிட்டார், அங்கே முதல் எஃகு வந்தது 1912-ல், ஊருக்கு அவர் பெயர் வைத்தது 1919-ல்.