கோல்ஃப் ஆடும்போது அதிகமாக யோசித்தே ஆட்டம் கெடுகிறது. குழிக்குள் பந்தைத் தட்டும் 'பட்', அதுவும் மூன்றடியிலிருந்து கூட விழவில்லை. பழைய நம்பிக்கை திரும்ப வருமா?

வரும். நீங்களும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஸ்விங் (மட்டையை வீசும் முறை) வீடியோ பார்க்கிறவராகத்தான் இருப்பீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். நான் ஒன்றரை வருடத்தை அதில் தொலைத்தவன்.

எங்கள் கிளப் போட்டி, கடைசியான பதினெட்டாவது ஹோல், மூன்றடி பட். விழுந்தால் கோப்பை எனக்கு. 'இடது பக்கம் இழுத்துவிடக் கூடாது' என்று நினைத்துக்கொண்டே தட்டினேன். இடது பக்கமே போனது. அடுத்ததும் விழவில்லை.

மறுவாரமே பட் அடிக்கும் மட்டையான பட்டரைப் புதிதாக வாங்கினேன். பிடியை மாற்றினேன். ஒரு கோச் முட்டியைச் சொன்னார், இன்னொருவர் தோளைச் சொன்னார். பந்துக்கு முன்னால் நின்றால் தலைக்குள் ஏழெட்டு யோசனை, கை பின்னால் போகவே மறுத்தது. பட்டில் ஆரம்பித்தது ஹோலின் முதல் நீள அடி வரைக்கும் பரவி, 14 ஆக இருந்த ஹேண்டிகேப் (குறைந்தால்தான் நல்ல ஆட்டம்) 19க்குப் போய்விட்டது.

என்னை மீட்டவர் முப்பது வருடமாக ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்கும் எங்கள் கேடி. "சார், பேரப்புள்ளைக்குப் பந்து போடுறப்ப உங்க கையையா பாக்குறீங்க? குழியைப் பாத்துக்கிட்டே தட்டுங்க" என்றார். முதல் நாள் பட்டர் தரையை உரசியது. பத்து நாளில் கை தானாகப் போக ஆரம்பித்தது. பந்தையே பார்த்தால் பட்டர் போகும் வழியைக் கண் காவல் காக்கிறது. குழியைப் பார்த்தால் கைக்குத் தூரம் மட்டும்தான் தெரிய வேண்டும். குழியும் ஒன்றும் சின்னதில்லை: அகலம் 108 மில்லிமீட்டர், பந்து சுமார் 43தான். அமெரிக்க வீரர் ஜோர்டன் ஸ்பீத் 2015இல் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்தபோது குட்டை பட்களை இப்படிப் போட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மற்ற ஷாட்டுகளுக்கு ஒன்றுதான். காற்று, தூரம், எந்த மட்டை என்பதையெல்லாம் பந்துக்குப் பின்னால் நின்றே முடித்துவிடுங்கள். பக்கத்தில் போனதும் ஒரு மூச்சு விட்டு அடியுங்கள். விதிப்புத்தகமே 40 விநாடிக்குள் அடிக்கச் சொல்கிறது.

கோச்சே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஸ்விங்கில் நிஜமாகவே கோளாறு இருந்தால் கோச்சிடம்தான் போக வேண்டும். நேற்றுவரை நன்றாக ஆடியவருக்குத்தான் இதைச் சொல்கிறேன். இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் வருவதும் இல்லை. வட அயர்லாந்து வீரர் ரோரி மெக்கில்ராய் 2024 யூ.எஸ். ஓப்பனில் கடைசி மூன்று ஹோல்களில் இரண்டு குட்டை பட்களை விட்டு, ஒரே ஷாட் வித்தியாசத்தில் தோற்றார். அடுத்த ஏப்ரலில் மாஸ்டர்ஸின் கடைசி ஹோலிலும் ஜெயிக்கும் பட்டை விட்டார். உடனே சமநிலையை முறிக்கும் பிளேஆஃபில் அதே ஹோலில் பேர்டி (வழக்கமான கணக்கைவிட ஓர் அடி குறைவு) போட்டுக் கோப்பையை எடுத்தார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த கேடிக்கு மழை நாளில் கூலி கிடையாது. நாங்கள் காபி குடிக்கும் இடத்தில் அவர் உட்காரக் கூடாது. இந்தியன் ஓப்பனை 1991இல் ஜெயித்த அலி ஷேரும் 2009இல் ஜெயித்த முனியப்பாவும் கேடியாக இருந்து வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் கிளப்பில் நிழலில் ஒரு பெஞ்சு கூட இல்லை. கமிட்டிக்கு மூன்று கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. நாலாவதை நேற்று கொடுத்திருக்கிறேன்.