ஜூலையில் சோமாலியா கடல் குளிர்வது தரவுப் பிழையா?

செயற்கைக்கோள் தரவில் வரைந்த உங்கள் கடல் வெப்பநிலை வரைபடத்தில் சோமாலியா கடல் ஜூலையில் குளிர்ந்து தெரிகிறது, இது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை, வரைபடம் சரிதான். சோமாலியா கரையோரக் கடல் ஜனவரியைவிட ஜூலையில் குளிர்ந்திருப்பது நிஜம்.

தென்மேற்குப் பருவக்காற்றுதான் காரணமாக இருக்கும். கரைக்கு இணையாக அது பலமாக வீசும்போது, புவிச்சுழற்சியால் மேல்நீர் காற்றின் வலப்பக்கம், அதாவது கரையை விட்டு விலகி நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் ஏறி வரும். சில இடங்களில் 20 டிகிரி செல்சியசுக்கும் கீழே போய்விடும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இது உண்மையிலேயே அபூர்வம்.

அதே வாரத்தின் குளோரோபில் (பாசியின் பச்சை நிறமி) அளவைக் காட்டும் செயற்கைக்கோள் படத்தையும் எடுத்துப் பாருங்கள். அடிநீர் சத்துகளையும் கொண்டுவருவதால், குளிர்ந்த பட்டை இருக்கும் இடத்தை ஒட்டியே பாசியும் செழித்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: மேகம் மறைத்த பகுதிகள் சரியாக நீக்கப்படாத அகச்சிவப்புச் செயற்கைக்கோள் தரவு கடலைப் பொய்யாகக் குளிர்த்திக் காட்டும். நுண்ணலைத் தரவு மேகத்தை ஊடுருவும், ஆனால் கரையை ஒட்டி அதை நம்ப முடியாது.