மீட்டர் நின்னா வண்டிக்கு வயசு நின்னுடுமா?

வண்டிப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். நான் நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கேன். ஒரு 1987 போர்ஷே 944 வாங்கியிருக்கேன், டர்போ இல்ல, சாதா மாடல்தான், மேனுவல் கியர். ஸ்பீடோமீட்டர் முள்ளு சூப்பரா வேலை செய்யுது ஆனா மொத்தம் ஓடின மைலைக் காட்டற ஓடோமீட்டர் 91 ஆயிரத்துச் சொச்சத்துல அப்படியே நிக்குது, ட்ரிப் மீட்டரும் நகரல. "இப்பதான் கொஞ்ச நாள் முன்னாடி நின்னுச்சு"ன்னு சொல்லித்தான் வித்தாங்க. இங்க ஒரு கடைல கேட்டா மீட்டர் செட்டையே மொத்தமா மாத்தணும்ங்கிறாங்க. நானே கழட்டிப் பாக்கலாமா? அப்புறம் நான் ஓட்டின மைலை உத்தேசமா கணக்குப் போட்டு நம்பரை முன்னாடி தள்ளி வெச்சுக்கலாமா? ஊர்ல இருந்தப்ப டிவிஎஸ் 50க்கு கேபிள் மாத்தின அனுபவம் மட்டும்தான் இருக்கு.

பதில்: தம்பி, டிவிஎஸ் 50 கேபிள் மாத்தினவருக்கு இது பெரிய வேலையே இல்ல, பொறுமை மட்டும் வேணும். மொத்த செட்டையும் மாத்தாதீங்க. முள்ளு ஓடுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. இந்த வண்டில மீட்டருக்கு கேபிள் கிடையாது, பின்னாடி, ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கிற டிஃபரென்ஷியல் பக்கத்துல ஒரு சென்சார் இருக்கு, சக்கரம் சுத்தச் சுத்த அது சிக்னல் அனுப்பும், மீட்டர் உள்ள இருக்கிற போர்டு அதை வாங்கி முள்ளையும் தூக்கும், ஒரு குட்டி மோட்டரையும் சுத்த வைக்கும், அந்த மோட்டர்தான் சின்னச் சின்ன பல்சக்கரம் வழியா நம்பரை உருட்டுது. முள்ளு ஓடுதுன்னா சென்சார், வயரிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மெயின், ட்ரிப் ரெண்டும் ஒண்ணா நின்னிருக்குன்னா ரெண்டுக்கும் பொதுவான இடத்துலதான் கோளாறு, பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் பொடிஞ்சிருக்கும். முள்ளும் செத்திருந்தா நான் உங்களை மீட்டரைத் தொடவே விட்டிருக்க மாட்டேன், முதல்ல வண்டிக்கு அடில போய் சென்சாரைப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன்.

அந்தக் காலத்து ஜெர்மன் வண்டிங்க பலதுக்கும் மீட்டர் வி.டி.ஓ கம்பெனியோடது, அதுல இந்த வியாதி ரொம்பப் பிரசித்தம். முப்பது நாப்பது வருஷம் டேஷ்போர்டுக்குள்ள வெயில்ல வெந்த பிளாஸ்டிக், கை வெச்சா ரஸ்க் மாதிரி உதிரும். இன்னொரு காரணமும் உண்டு, ஓடிட்டு இருக்கும்போதே ட்ரிப் பட்டனை அமுக்கி சைபர் பண்ற பழக்கம். பட்டனை அமுக்கும்போது நம்பர் சக்கரம் ஒரு பக்கம் இழுக்க மோட்டர் இன்னொரு பக்கம் இழுக்க, நடுவுல மாட்டின பல்லு போயிடும். சரி பண்ணின பிறகு வண்டி நின்னாதான் அந்தப் பட்டன்ல கை வைக்கணும், வீட்ல வேற யாராவது ஓட்டினா அவங்ககிட்டயும் சொல்லி வைங்க.

இப்ப வேலைக்கு வருவோம். பேட்டரி கனெக்‌ஷனைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. ஸ்டீயரிங் வீலை எடுத்தா கைக்கு இடம் நிறைய கிடைக்கும், ஆனா ஏர்பேக் உள்ள வீல்னா தொடாதீங்க, 1987ல அமெரிக்காவுல 944 டர்போவுக்கு ரெண்டு பக்கமும் ஏர்பேக் வந்தது, உங்களுது சாதா மாடல்னாலும் முன்னாடி வெச்சிருந்தவங்க யாராவது வீலை மாத்தியிருக்கலாம், ஒரு தடவை பாத்துக்குங்க. மீட்டரைச் சுத்தி இருக்கிற கவர் ஸ்க்ரூவை எடுத்துட்டு செட்டை மெதுவா உங்க பக்கம் இழுங்க, பின்னாடி கனெக்டர் எல்லாம் மாட்டியிருக்கும், ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்துட்டு கழட்டுங்க. அந்த பிளாஸ்டிக்கும் கிழவிதான், லாக்கை நெம்பினா உடையும், நகத்தால அமுக்கி எடுங்க.

மேஜைல வெள்ளைத் துணி விரிச்சு அதுமேல வெச்சுப் பிரிங்க, ஏன்னா உதிர்ந்த பல்லு எங்க விழுந்துச்சுன்னு தெரியணும். முள்ளைக் கழட்டாம சக்கரத்தை எட்ட முடியுமான்னு முதல்ல பாருங்க, முடிஞ்சா முள்ளைத் தொடவே தொடாதீங்க. கழட்டித்தான் ஆகணும்னா அதுக்கு ஒரு முறை இருக்கு: முள்ளு சைபர்ல ஒரு குச்சிமேல சாஞ்சு நிக்கும், அதை லேசா தூக்கி குச்சியைத் தாண்டி விட்டீங்கன்னா தானா ஒரு இடத்துக்கு இறங்கி நிக்கும், அந்த இடத்துல ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி பென்சில்ல கோடு போடுங்க. திரும்ப மாட்டும்போது அதே கோட்டுல வெச்சு அமுக்கிட்டு, பிறகு குச்சிக்கு மேல தூக்கி வைக்கணும். இதைச் செய்யாம நேரா சைபர்ல வெச்சு மாட்டினா முள்ளு காட்டுற வேகம் தப்பாப் போயிடும், போலீஸ் நிறுத்தும்போதுதான் தெரியும்.

பழைய சக்கரத்தைக் கண்டுபிடிச்சா பல்லை எண்ணுங்க, உடைஞ்சிருந்தா மிச்சத்தை வெச்சு எண்ணுங்க, குறுக்களவும் எடுத்துக்குங்க. வி.டி.ஓ சக்கரங்க பாக்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பல்லு எண்ணிக்கை ஒண்ணு மாறினாலும் கணக்கு கோணலாயிடும். புது சக்கரம் தனியா விக்கிறாங்க, மொத்த செட்டு விலையோட பாத்தா கொசுறு. புதுசை மாட்டறதுக்கு முன்னாடி பழசோட துகள் ஒண்ணு விடாம இடுக்கியால பொறுக்கி எடுங்க, ஒரே ஒரு துணுக்கு பல்லு இடுக்குல இருந்தாலும் புதுசும் முதல் நாளே போயிடும். மத்த சக்கரங்களையும் விரலால சுத்திப் பாருங்க, எது இறுகியிருக்கோ அதனாலதான் இது உடைஞ்சிருக்கும். எண்ணெய் ஸ்ப்ரே எதையும் உள்ள அடிக்காதீங்க, ப்ளீஸ். பிளாஸ்டிக்குக்கு ஆகிற கிரீஸ் ஒரு ஊசிமுனை அளவு, அதுவும் அச்சு முனைல மட்டும். நம்பர் சக்கரத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவும் வேண்டாம், நம்பரே அழிஞ்சுடும்.

அடுத்து நீங்க கேட்ட தள்ளி வைக்கிற விஷயம். வேண்டாம் தம்பி. அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி ஓடோமீட்டரை ரிப்பேர் பண்ணலாம், ஆனா ரிப்பேருக்கு முன்னாடி இருந்த நம்பர் அப்படியே இருக்கணும். அப்படி வைக்க முடியலன்னா சைபருக்குக் கொண்டு வந்து, பழைய மைலேஜும் ரிப்பேர் பண்ணின தேதியும் எழுதி டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்துல ஒட்டணும். பின்னாடி தள்றதுதான் மோசடி, முன்னாடி தள்றது நேர்மைதானேன்னு தோணும், மைலேஜை மாத்தற எண்ணத்தோட நம்பர்ல கை வெச்சா எந்தத் திசைன்னு சட்டம் பாக்கறதில்ல. 2010 மாடலும் அதுக்கு முந்தினதும் கைமாறும்போது ஃபெடரல் மைலேஜ் ஃபார்ம் கட்டாயமில்லங்கிறது வேற விஷயம், அதுக்காக நம்பரைத் திருத்தலாம்னு ஆயிடாது. நின்ன நம்பர் எவ்வளவு, சரி பண்ணின தேதி என்ன, நடுவுல உத்தேசமா எவ்வளவு ஓடியிருக்கும், இதை ஒரு தாள்ல எழுதி ரிப்பேர் போட்டோவோட ஃபைல்ல வைங்க. நாளைக்கு வாங்கறவங்க கைல அந்தத் தாளைக் குடுத்தா போதும், கூச்சப்பட ஒண்ணுமில்ல.

ஆனா நீங்க கேக்காத கேள்விதான் எனக்குப் பெருசா தெரியுது. மீட்டர் எப்ப நின்னுச்சுன்னு உண்மையிலேயே யாருக்கும் தெரியாது. அப்ப இன்ஜின்ல வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கிற டைமிங் பெல்ட் எத்தனை மைல் ஓடியிருக்குன்னு எப்படிச் சொல்வீங்க? 944 இன்ஜின்ல பெல்ட் அறுந்தா வால்வு போய் பிஸ்டன்ல மோதி வளையும், இன்ஜின் ஹெட்டைக் கழட்டற செலவு, மீட்டர் செலவெல்லாம் அதுமுன்னாடி தூசு. இன்ஜின் அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்டுக்குத் தனியா இன்னொரு பெல்ட் வேற, அது அறுந்து டைமிங் பெல்ட்ல சிக்கினாலும் அதே கதைதான். 30,000 மைல் இல்லன்னா சில வருஷம், எது முதல்ல வருதோ அப்ப மாத்திடணும்னு இந்த வண்டி வெச்சிருக்கிறவங்க பெரும்பாலும் கணக்கு வெச்சிருக்காங்க. உங்ககிட்ட தேதியோட பெல்ட் பில் இருக்கா? இல்லன்னா பல்சக்கரம் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ரெண்டு பெல்டையும் மாத்துங்க, வாட்டர் பம்ப்பும் அதே டைமிங் பெல்ட்லதான் ஓடுது, அதையும் பாத்துடுங்க. புது பெல்ட் போட்டு 1500, 2000 மைலுக்குள்ள பெல்ட் இறுக்கத்தைச் சரி பாக்கணும், அதுக்காவது ஓடற மீட்டர் வேணும்ல. சக்கரம் வந்து சேர்ற வரைக்கும் ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் எத்தனை கேலன்னு எழுதி வைங்க, ஒரு கேலனுக்கு வண்டி எத்தனை மைல் குடுக்குதோ அதால பெருக்கினா தோராயமா ஒரு கணக்கு வந்துடும்.

கேள்வி: சார், ஜெர்மனில ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் இருக்கேன். என்னோடது 1982 போர்ஷே 911 எஸ்.சி. மேல பதில் சொல்ற மாதிரி இதுக்கும் பிளாஸ்டிக் சக்கரம்தானா? இங்க நம்பரைத் தொட்டா ஜெயில்னு ஃப்ரெண்டு பயமுறுத்தறான், உண்மையா?

பதில்: வியாதி அதே குடும்பம், உடையற இடம் வேற. அந்தக் கால 911ல பெரும்பாலும் நம்பர் சக்கரத்தோட அச்சுமேல அழுத்தி மாட்டியிருக்கிற சின்ன உலோகப் பல்சக்கரம்தான் லூஸாகும், அச்சு நிக்கும் சக்கரம் மட்டும் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். சக்கரத்துல விரிசல் விழாம இருந்தா புதுசு வாங்கக்கூட வேண்டாம், அச்சுல அந்த இடத்தைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, லாக்டைட் பசை ஒரு சொட்டு வெச்சுத் திரும்ப இறுக்கி மாட்டறாங்க. சொட்டு பக்கத்துல வழிஞ்சு நம்பர் சக்கரத்தையும் சேர்த்து ஒட்டிட்டா அதோட சரி, அதனால குண்டூசி முனைல தொட்டு வைங்க.

மீட்டரை வெளில எடுக்கறது 944ஐ விட சுலபம், ரப்பர் வளையத்துலதான் டேஷ்ல உக்காந்திருக்கு, உறுதியாப் பிடிச்சு இழுத்தா வரும். கஷ்டம் கண்ணாடியைச் சுத்தி இருக்கிற வளையத்துலதான். அது பின்பக்கம் மடிச்சு அழுத்தினது, ஸ்க்ரூ கிடையாது. மழுங்கின சின்ன ஸ்க்ரூடிரைவர் வெச்சு ஒரு இடத்துல கொஞ்சம், திருப்பி அடுத்த இடத்துல கொஞ்சம்னு சுத்திச் சுத்தி நிமித்தணும். ஒரே இடத்துல நெம்பினா வளையம் சுருங்கி நெளிஞ்சுடும், அதைப் பழையபடி அழகா ஆக்க முடியாது, ஓட்டும்போதெல்லாம் கண்ணுல உறுத்திக்கிட்டே இருக்கும். கை நடுங்கும்னா இந்த ஒரு வேலைக்கு மட்டும் மீட்டர் ரிப்பேர் பண்றவங்ககிட்ட அனுப்பிடறது தேவலை.

ஜெயில் விஷயம், உங்க ஃப்ரெண்டு முழுக்கப் பொய் சொல்லல. 2005லேர்ந்து அங்க மைலேஜைத் திரிக்கறதே தனிக் குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் சிறை இல்லன்னா அபராதம். ஆனா உடைஞ்சதை உடைஞ்ச நம்பர்லேயே சரி பண்றது திரிக்கறது இல்லையே. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டி.யூ.வி, அதான் கட்டாய வண்டிப் பரிசோதனை, போறீங்கல்ல, அந்த ரிப்போர்ட்ல அன்னிக்கு மீட்டர் காட்டின கிலோமீட்டர் இருக்கும், பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்து வரிசையா அடுக்குங்க, எந்த ரெண்டு ரிப்போர்ட்ல ஒரே நம்பர் இருக்கோ அதுல முதல் ரிப்போர்ட்டுக்குள்ளயே மீட்டர் நின்னிருக்கு.

கேள்வி: லண்டன்ல 1991 மாஸ்டா எம்.எக்ஸ்-5 வெச்சிருக்கேன் அண்ணா. முள்ளு கொஞ்ச நாள் நடுங்கிச்சு, கீச்சுனு சத்தம் வந்துச்சு, இப்ப முள்ளு, நம்பர் எல்லாமே காலி. எனக்கும் பல்சக்கரமா?

பதில்: உங்களுக்கு டிவிஎஸ் 50 வைத்தியம்தான்! அந்த முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5ல கியர்பாக்ஸ்லேர்ந்து மீட்டருக்கு நிஜமான கேபிள் வருது. நடுக்கம், கீச்சு சத்தம், அப்புறம் எல்லாம் ஒண்ணா சாவு, இது காஞ்சு போன கேபிள் அறுந்த லட்சணம். மீட்டர் பின்னாடி கழட்டி உள் கம்பியை இழுத்துப் பாருங்க, பாதில அறுந்து வந்தா கேள்வியே இல்ல, புது கேபிள். முழுசா வந்தா கியர்பாக்ஸ் முனைல இருக்கிற சின்ன சக்கரத்தைப் பாக்கணும். புதுசு போடும்போது எங்கயும் சடார்னு மடங்காம வளைச்சுக் கொண்டு போங்க, மடங்கினா மறுபடி நடுங்கும். வாங்கும்போது மைலேஜ்ல சந்தேகம் இருந்திருந்தா அந்த ஊர் அரசாங்க வெப்சைட்ல நம்பர் பிளேட் போட்டாலே பழைய எம்.ஓ.டி (அந்த ஊர் வருடாந்திர வண்டிப் பரிசோதனை) மைலேஜ் எல்லாம் காசில்லாம வருது, இப்பவும் ஒரு தடவை பாத்து வெச்சுக்குங்க.