பொது உடை மாற்றும் அறையில் வெறுங்கால்: கேள்வி பதில்

நீச்சல்குளம், ஜிம், தீர்த்தக்கரை எனப் பலர் குளித்து உடை மாற்றும் இடங்களில் காலை எப்படிச் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் வைத்துக்கொள்வது என்று கேட்டு வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: மேடம், கோடைக்கால நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கேன். குளத்தை விட்டு ஏறினதுல இருந்து ஷூ மாட்டுற வரைக்கும் என்ன வரிசையில என்ன செய்யணும்?

பதில்: பையில் நான்கு பொருள் இருக்கட்டும்: ரப்பர் செருப்பு, உடம்புக்கு ஒரு துண்டு, காலுக்கென்றே ஒரு சின்னத் துண்டு, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. காலுக்கு ஈரிழைத் துண்டில் பாதி போதும். பூத்துவாலை தடிமனாக இருப்பதால் விரலிடுக்கில் நுழையாது. ஈரிழை நுழையும், சீக்கிரம் காயவும் செய்யும்.

செருப்பை அறையில் விடாமல் குளத்தின் விளிம்பு வரை போட்டுப் போங்கள். ஏறியதும் அதிலேயே கால் வையுங்கள். ஷவரிலும் கழற்ற வேண்டாம். சாதாரண சோப்பு போட்டு, கைவிரலை ஒவ்வொரு கால்விரலிடுக்கிலும் விட்டுத் தேய்த்து அலசுங்கள். அப்படியே செருப்பின் மேலும் கீழும் தண்ணீர் விடுங்கள்.

பிறகு உட்கார்ந்து துடைக்க வேண்டும். நின்றபடி ஒற்றைக்காலில் தள்ளாடினால் மற்ற கால் தரையில் பட்டுவிடும். உடம்பை முதலில் துடைத்துவிட்டு, காலைக் கடைசியில், அதற்குரிய துண்டால் துடையுங்கள். துண்டின் ஓரத்தை விரலிடுக்கில் விட்டு அழுத்தி எடுங்கள். பரபரவென்று இழுத்துத் தேய்த்தால் ஊறிய தோல் உரியும். ஒரு காலுக்கு நான்கு இடுக்கு. சுண்டுவிரலுக்கும் அதன் பக்கத்து விரலுக்கும் நடுவிலிருந்து ஆரம்பியுங்கள். விரல்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும் அந்த இடத்துக்குக் காற்றே போகாது. சேற்றுப்புண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

அடுத்து மேல்சட்டை போட்டுத் தலை வாரும் வரை, இரண்டு மூன்று நிமிடம் காலைக் காற்றாட விடுங்கள். பிறகு சாக்ஸ், அதற்குப் பிறகுதான் உள்ளாடையும் பேன்ட்டும். வரிசை தலைகீழாகத் தெரியலாம். ஆனால் காலில் பூஞ்சை இருந்தால், உள்ளாடையைக் கால் வழியாக ஏற்றும்போது அது துணியில் ஒட்டித் தொடையிடுக்குக்குப் போகும். அங்கே வரும் படர்தாமரைக்குக் கால்தான் மூலமாக இருப்பதுண்டு. சாக்ஸ் முதலில் போட்டால் அந்த வழி அடைபடும்.

கேள்வி: தரையில கிருமி இருந்தா காலில் பட்டவுடனே ஒட்டிக்குமே, அப்புறம் கழுவி என்ன பயன்?

பதில்: நிறையப் பயன் இருக்கிறது. அறைத்தரையில் கிடப்பது, முன்னால் வந்து போனவர்களின் காலிலிருந்து உதிர்ந்த தோல் செதில்கள். அவற்றுக்குள் டிரைக்கோபைட்டான் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கும். செதிலுக்குள் அவை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் காலில் பட்ட வித்து தோலோடு பிடித்து, முளைத்து, உள்ளே இறங்குவதற்குப் பல மணி நேரம் வேண்டும், ஈரமும் வேண்டும். அதற்குள் சோப்பால் கழுவித் துடைத்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். ஈரக்காலை அப்படியே ஷூவுக்குள் நுழைத்து நாள் முழுக்க வைத்திருப்பவருக்குத்தான் அது நிலைக்கிறது. தரையை நம்மால் மாற்ற முடியாது, விரலிடுக்கை உலர்த்த முடியும்.

கேள்வி: எந்த மாதிரி செருப்பு வாங்கலாம்?

பதில்: தண்ணீர் குடிக்காத ரப்பர் அல்லது ஈ.வி.ஏ. (லேசான நுரை பிளாஸ்டிக்) செருப்பு. துணி உள்ளுறை, ஸ்பாஞ்ச் பட்டை, தோல் எதுவும் வேண்டாம். அவை மறுநாள் வரை நனைந்தே இருக்கும். அடியில் துளை இருந்தால் தண்ணீர் தேங்காது. ஹவாய் செருப்பு நல்லதுதான், ஆனால் அடிப்பக்க வரிகள் தேய்ந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் வழுக்கும். தேய்ந்ததை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் இடுக்கில் புண் இருந்தால், வார் அங்கே உரசாதபடி மேற்பட்டை மட்டும் உள்ள செருப்பு போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து நிழலில் சாய்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை சோப்பும் பிரஷும் போட்டுத் தேயுங்கள். பிறர் செருப்பை இரவல் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: எங்க குளத்து வாசல்ல குளோரின் தண்ணித் தொட்டி இருக்கு. அதுல கால் நனைச்சா போதும்னு சொல்றாங்க.

பதில்: போதாது. நூறு கால் இறங்கிய தொட்டியில், மண்ணும் வியர்வையும் குளோரினைத் தின்றுவிடும். வெயிலும் சேர்ந்தால் மதியத்துக்குள் அது வெறும் அழுக்குத் தண்ணீர்தான். அப்படியே குளோரின் இருந்தாலும், இரண்டு வினாடி நனைப்பதில் தோல் செதிலுக்குள் இருக்கும் வித்து சாகாது. காலில் ஒட்டிய மணலைக் கழுவுவதற்கு ஓடும் தண்ணீர் குழாயே மேல்.

கேள்வி: அக்கா, நான் மெட்டி போட்டிருக்கேன், கழற்ற மாட்டேன். வளையத்துக்கு அடியில தோல் வெளுத்துப் போகுது, சில நேரம் அரிக்குது.

பதில்: கழற்ற வேண்டியதில்லை. மெட்டிக்கு அடியில் சோப்பு நுரையும் தண்ணீரும் தங்குவதால்தான் வெளுக்கிறது. குளித்தபின் மெட்டியை விரல் நுனிப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி, அடியில் துண்டின் ஓரத்தை விட்டு ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு சுற்றுச் சுற்றி, பழைய இடத்துக்குத் தள்ளுங்கள். நகரவே முடியாத அளவு இறுக்கமாக இருந்தால், ஆசாரியிடம் கொடுத்துத் தளர்த்திக்கொள்ளுங்கள். சுற்று மூடாமல் அடியில் வாய் திறந்திருக்கும் மெட்டி நீச்சலுக்கு வசதி. தோல் வெடித்து எரிந்தால் மட்டும், ஆறும் வரை கழற்றி வைப்பது நல்லது. வெள்ளி படும் இடத்தில் மட்டும் சிவந்து தடித்தால் அது உலோக ஒவ்வாமையாக இருக்கலாம், வெள்ளியில் கலந்த நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

கேள்வி: சுண்டுவிரல் இடுக்கு வெள்ளையா ஊறி உரியுது. மருந்துக்கடையில ஒரு க்ரீம் கொடுத்தாங்க, போட்ட மறுநாளே அரிப்பு நின்னுச்சு. நிறுத்தினா திரும்ப வருது.

பதில்: அந்த ட்யூபின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அமுக்கிவிடும், பூஞ்சை உள்ளே தாராளமாக வளரும். நிறுத்தியதும் இரட்டிப்பாகக் கிளம்பும். இந்தியா முழுக்கப் படர்தாமரை அடங்காமல் பரவுவதற்கு இந்தக் கலவை க்ரீம்கள் முக்கியமான காரணம். டெர்பினஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத டிரைக்கோபைட்டான் இன்டோட்டினியே என்ற வகையும் இங்கே பரவியிருக்கிறது. ஆகவே 'கடைக்காரர் கொடுத்தார்' என்பதோடு விடாதீர்கள்.

விரலிடுக்கில் மட்டும் இருக்கும் புதிய சேற்றுப்புண்ணுக்கு, வேறு எதுவும் கலக்காத குளோட்ரிமசோல் 1% க்ரீமை நாளுக்கு இருமுறை, நான்கு வாரம் போடலாம். நன்கு உலர்ந்த தோலில், புண் தெரியும் எல்லையைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை மெல்லிசாகத் தடவுங்கள். ஒரு வாரத்தில் பார்க்க நன்றாகிவிடும். அப்போது நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. கணக்குப்படி முடியுங்கள். நீங்கள் ஏற்கெனவே கலவை க்ரீம் போட்டுவிட்டதால், முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுவதே சரி. செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பச்சை நிறம், கெட்ட வாடை, சீழ், பாதம் வீங்குதல், காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது பாக்டீரியா சேர்ந்த புண்ணாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். குணமாகும் வரை குளத்துக்குப் போகாதீர்கள்.

கேள்வி: பள்ளிவாசலில் ஒளு செய்துவிட்டு உடனே சாக்ஸ் போடுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து முறை கால் நனைகிறது.

பதில்: ஒளுவில் சுண்டுவிரலால் கால்விரல்களைக் கோதிக் கழுவுவது நல்ல பழக்கம், அழுக்குச் செதில் போய்விடும். குறை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. சட்டைப் பையில் ஒரு பருத்திக் கைக்குட்டையைக் காலுக்கென்று வைத்துக்கொண்டு விரலிடுக்கை ஒற்றுங்கள். பொதுவில் தொங்கும் துண்டைக் காலுக்குப் பயன்படுத்தாதீர்கள். மதியத்தில் ஒருமுறை சாக்ஸை மாற்றுங்கள்.

கேள்வி: பவுடர் போட்டா ஈரம் இழுத்துடும்தானே?

பதில்: துடைக்காமல் போட்டால் ஈரத்தோடு சேர்ந்து களியாகி, இடுக்கில் கட்டிபிடித்து உரசும். உலர்ந்த காலில் சிட்டிகை அளவு போதும். சாதாரண முகப்பவுடருக்குப் பூஞ்சையைத் தடுக்கும் சக்தி கிடையாது. அடிக்கடி வருகிறவர்கள் குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் பவுடரைக் காலிலும் ஷூவுக்குள்ளும் தூவலாம்.

கேள்வி: உள்ளங்காலில் சின்னதா கடினமா ஒண்ணு வந்திருக்கு. ஆணியா மருவா? குளத்தில் இருந்து வந்ததா?

பதில்: நேராக அழுத்தினால் வலித்தால் ஆணியாக இருக்கும். இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்தால் வலித்தால் மருவாக இருக்கும். ஊறிய மேல்தோல் தேய்ந்தபின் பாருங்கள்: மருவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும், பாதரேகை அதன் மேல் ஓடாமல் விலகிப் போகும். ஆணி உராய்வால் வருவது, ஒட்டாது. மரு வைரஸால் வருவது, ஈரத்தரையில் ஒட்டும். பிளேடால் சீவாதீர்கள், சீவினால் பக்கத்திலும் பரவும். குளத்துக்குப் போகும்போது தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டவே கூடாது. அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கிவிடும்.

கேள்வி: அப்பாவுக்குப் பதினைந்து வருஷமா சர்க்கரை. ராமேஸ்வரம் போய் 22 தீர்த்தமும் ஆடணும்னு ஆசைப்படுறார். கோயிலுக்குள்ள செருப்பு போட முடியாதே?

பதில்: முதலில் அவர் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தெரிய வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் அழுத்திப் பார்க்கும் சோதனை ஐந்து நிமிட வேலை. கிளம்புவதற்கு முன் செய்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்தினாலும் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. அப்படியானால் எல்லாத் தீர்த்தத்தையும் சுற்றுவதை விட்டு, ஒருவர் கொண்டுவரும் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். அப்பா மனம் கோணாமல் இதைப் பேசுவது பிள்ளைகளின் பொறுப்பு.

உணர்ச்சி நன்றாக இருந்து, காலில் வெடிப்போ புண்ணோ இல்லை என்றால் போகலாம். வெயில் ஏறுவதற்கு முன், விடியற்காலையில் போங்கள். அக்னி தீர்த்தத்தில் தண்ணீர் விளிம்பு வரை செருப்போடு நடக்கட்டும், மணலில் சிப்பியும் கண்ணாடியும் கிடக்கலாம். கோயிலுக்குள் நனைந்த கல்தளத்தில் அவரை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். தீர்த்தமாடி முடித்து ஈர உடை மாற்றும்போது அவரை உட்காரவைத்து, நீங்களே காலை நல்ல தண்ணீரில் கழுவி, இடுக்கெல்லாம் ஒற்றுங்கள். குதிகால், உள்ளங்கால், விரலிடுக்கு என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே வந்ததும் எம்.சி.ஆர். (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர்) செருப்பு. இரவில் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை மறுபடி பாருங்கள், சூடுபட்ட கொப்புளம் தாமதமாகத்தான் தெரியும். தேங்காயெண்ணெய் குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் மட்டும், விரலிடுக்குக்கு வேண்டாம்.

கேள்வி: ஜிம்ல குளிச்சுட்டு நேரா ஆபீஸ். சாயங்காலம் ஷூவைக் கழற்றினா பக்கத்துல யாரும் இருக்க முடியல. பாதத்துல குட்டிக் குட்டிக் குழியும் இருக்கு.

பதில்: குழியும் நாற்றமும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை இல்லை. வியர்வையில் ஊறிய தோலைக் கரைக்கும் பாக்டீரியா. பூஞ்சை க்ரீம் அதற்குச் சரியான மருந்தில்லை. மருத்துவர் தடவுவதற்கு ஆன்டிபயாடிக் தருவார், சீக்கிரம் சரியாகும். திரும்ப வராமலிருக்க இரண்டு ஜோடி ஷூ வேண்டும். ஒரு நாள் போட்டது அடுத்த நாள் முழுக்கக் காயட்டும். உள்ளட்டையைக் கழற்றி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கி வையுங்கள். சாக்ஸை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள்.

கேள்வி: நீச்சல்குளத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். உடை மாற்றும் அறைத் தரையை எப்படிக் கழுவுவது சரி? தினமும் பினாயில் ஊற்றுகிறோம்.

பதில்: பினாயில் வாசம் வந்தால் சுத்தம் என்று அர்த்தமில்லை. முதலில் முடி, செதில், சோப்புப் பிசுக்கு போக வேண்டும். சோப்புப் பொடி போட்டுக் கடினமான பிரஷால், டைல்ஸ் இணைப்புகளில் அழுத்தித் தேய்த்து, தண்ணீர் விட்டு அலசுங்கள். அழுக்கின் மேல் ஊற்றும் எந்தக் கிருமிநாசினியும் வீண். அதன்பின் குளோரின் கரைசல்: 30% பிளீச்சிங் பவுடர் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம், தெளிய விட்டு மேல்தண்ணீரை எடுங்கள். 5% சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் 200 மில்லிக்குத் தண்ணீர் சேர்த்து 10 லிட்டராக்குங்கள். தரை 10 நிமிடம் நனைந்திருக்கட்டும். பிறகு அலசி, வைப்பரால் வடிகால் வரை தள்ளி, ஃபேனைப் போடுங்கள். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள், வைத்தால் வீரியம் குறையும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒரே வாளியிலோ ஒரே தரையிலோ சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும்.

துளையுள்ள ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் தினமும் தூக்கி அடியையும் தேய்க்க வேண்டும், அழுக்கு அங்கேதான் சேரும். சாக்குமிதியும் தேங்காய்நார் மிதியடியும் ஈர அறைக்கு ஆகாது. கழுவிய பிறகும் ஒரு மூலையில் தண்ணீர் நின்றால் தரைச்சரிவு தப்பு. மீட்டருக்கு ஒன்றரை முதல் 2 சென்டிமீட்டர் சரிவு வடிகால் பக்கம் இருக்க வேண்டும். கூட்டம் உள்ள நாளில் ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் வைப்பர் இழுப்பது, இரவு ஒருமுறை போடும் மருந்தைவிட அதிகம் உதவும்.

கேள்வி: ஏழு வயசுப் பையன், செருப்பைப் போட மாட்டேன்னு ஓடுறான்.

பதில்: குதிகாலில் பட்டை உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள், நழுவாது. அப்படியும் ஓடினால் விட்டுவிடுங்கள். வீட்டில் சோப்பு போட்டுக் கழுவி இடுக்கைத் துடைத்தால் போதும். சின்னக் குழந்தைகளுக்குச் சேற்றுப்புண் அரிது. அவர்களுக்கு வழுக்கி விழுவதே பெரிய ஆபத்து.

கேள்வி: கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துவிட்டது. க்ரீம் போட்டும் போகவில்லை.

பதில்: நகத்தின் அடியில் இருக்கும் பூஞ்சையைத் தோல் க்ரீம் எட்டாது. நகத்துண்டைப் பரிசோதித்து உறுதி செய்த பிறகு, டெர்பினஃபைன் மாத்திரையை வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் கொடுப்பார்கள். கல்லீரல் பரிசோதனை பார்த்துத்தான் தொடங்க வேண்டும், நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. மாத்திரை முடிந்ததும் நகம் பழையபடியே தெரிந்தால் பயப்படாதீர்கள். கால் கட்டைவிரல் நகம் முழுதாக மாறப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் ஆகும், அடியிலிருந்து தெளிவான நகம் வளர்ந்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த நகத்துக்கென்று தனி நகவெட்டி வைத்துக்கொள்ளுங்கள், நேராக வெட்டுங்கள். ஜிம், குளம் எங்கும் வெறுங்காலோடு நடக்காதீர்கள், மற்றவர் காலுக்கு உங்கள் நகத்திலிருந்தும் போகும்.