அரை மணிக்கூர்ல சாசேஜ் பாஸ்தா: ஒட்டாம, தண்ணி விடாம, ரப்பராகாம

கேள்வி: அக்கா, எனக்கு திருவனந்தபுரத்துல வேலை, சாயங்கால பாசஞ்சர்ல வந்து குழித்துறையில இறங்கி வீட்டுக்குள்ள நுழையும்போது ஏழு, ஏழேகால் ஆயிரும். பிள்ளைங்க ரெண்டும் வாரத்துல ஒருநாளாவது சாசேஜ் பாஸ்தா வேணும்னு நிக்குதுங்க. ஃப்ரோசன் சிக்கன் சாசேஜும் பாஸ்தா பாக்கெட்டும் வீட்ல எப்பவும் கிடக்கும், ஆனா நான் செஞ்சா பாஸ்தா கட்டியா ஒட்டிக்கிடுது, காய் தண்ணி விட்டுருது, சாசேஜ கடிச்சா ரப்பர் மாதிரி இருக்கு. மாமியார் தேங்காண்ணெய் தவிர வேற எண்ணெய அடுக்களையில ஏத்த மாட்டாங்க, அதுல செய்யலாமா? குக்கர்ல ஒரு விசில்ல முடிச்சிரலாமா? அரை மணிக்கூருக்கு மேல எனக்கு நேரம் இல்ல.

பதில்: தங்கச்சி, மூணு பிரச்சனையா எழுதியிருக்கீங்க ஆனா எனக்கு தெரிஞ்சவரை அது மூணும் ஒண்ணுதான். எல்லாத்தையும் ஒரே கடாயில ஒண்ணு மேல ஒண்ணா கொட்டி, மூடி போட்டு வேகவைக்கிறீங்கன்னு நினைக்கேன். அப்ப சூடு குறைஞ்சு காய்ல இருக்க தண்ணியெல்லாம் வெளிய வந்துரும், அந்த தண்ணியிலயே சாசேஜ் கிடந்து வேகும், அதுக்குள்ள வடிச்சு வச்ச பாஸ்தா ஆறி கட்டி பிடிச்சிரும். சாஸ் எவ்வளவு நேரம் வேணாலும் பாஸ்தாவுக்காக காத்துக் கிடக்கலாம், பாஸ்தா ஒரு நிமிஷம் கூட சாஸுக்காக காத்துக் கிடக்கக் கூடாது. இத மட்டும் மனசுல வச்சிட்டு மத்தத பாருங்க.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பேக்க கீழ வைக்கும் முன்னாடியே சோறு வடிக்கிற பெரிய பானையில ரெண்டரை லிட்டர் தண்ணி அடுப்புல ஏத்திருங்க, மூடி போட்டு, பெரிய பர்னர்ல. அது கொதிக்க பத்து பன்னிரண்டு நிமிஷம் ஆகும், அந்த நேரத்துலதான் நீங்க முகம் கழுவி உடுப்பு மாத்தி காய் நறுக்கப் போறீங்க. நாலு பேருக்கு கால் கிலோ பாஸ்தா தாராளம், அதாவது அரைக்கிலோ பாக்கெட்டுல பாதி. வழக்கமா லிட்டருக்கு பத்து கிராம் உப்புன்னு சொல்லுவாங்க, ஆனா சாசேஜுலயே உப்பு அதிகம், சீஸ் போட்டா அதுலயும் இருக்கு, அதனால ரெண்டரை லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போதும். தண்ணியில எண்ணெய் ஊத்தாதீங்க. அது மேலதான் மிதக்கும், ஒட்டுறத தடுக்காது, வடிக்கும்போது பாஸ்தா மேல படிஞ்சு பிறகு சாஸ பிடிக்கவிடாம வழுக்கிவிடும். பாஸ்தா ஒட்டுறது முதல் ரெண்டு நிமிஷத்துலதான், மேல இருக்க மாவு அப்பதான் வெந்து பசை ஆகுது, அந்த ரெண்டு நிமிஷமும் நின்னு கரண்டியால அடிவரைக்கும் கிண்டிவிட்டா போதும், அதுக்குப் பிறகு ஒட்டாது.

பாக்கெட்ட திருப்பி பாருங்க, டூரம் கோதுமை ரவைன்னு போட்டிருந்தா நல்லா நிக்கும். மைதா கலந்தது சட்டுன்னு குழைஞ்சிரும், விலை குறைவுன்னு அத வாங்கிட்டு எந்த அளவு பாத்தும் பிரயோசனம் இல்ல. பாக்கெட்டுல பத்து நிமிஷம்னு போட்டிருந்தா எட்டாவது நிமிஷத்துல ஒண்ண எடுத்து கடிச்சுப் பாருங்க, நடுவுல ஊசிமுனை அளவுக்கு வெள்ளையா ஒரு புள்ளி தெரிஞ்சா அதுதான் பதம். மீதிய அது கடாயிலதான் வேகணும். கேரட்டும் பீன்ஸும் பொடிசா நறுக்கி, பாஸ்தா எடுக்க மூணு நிமிஷம் இருக்கும்போது அதே கொதிக்கிற தண்ணியில போட்டுருங்க, தனியா அவிக்க ஒரு பாத்திரம் மிச்சம். சந்தையில நீட்டு பயறு கிடைச்சா பீன்ஸுக்கு பதிலா அதையே போடலாம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

இனி சாசேஜ். நம்ம ஊர்ல ஃப்ரீசர்ல கிடைக்கிற சிக்கன் சாசேஜ் பெரும்பாலும் ஏற்கனவே வெந்ததுதான், இறைச்சிய மை மாதிரி அரைச்சு உறையில நிரப்பி வேகவச்சு குளிரவச்சு அனுப்புறாங்க. அத நீங்க மறுபடி பதினஞ்சு நிமிஷம் வேகவச்சா உள்ள இருக்க ஈரமெல்லாம் போய் ரப்பர் ஆகாம என்ன ஆகும், நம்ம குமரி மாவட்டத்துல ரப்பருக்கு பஞ்சமா? அதுக்கு வேண்டியது மேல சிவக்கறது மட்டும்தான். பாதி உறைஞ்ச நிலையிலயே சரிவா, விரல் தடிப்புக்கு வெட்டுங்க, மெல்லிசா வெட்டினா காஞ்சு போகும். மேல இருக்க ஐஸ ஒரு துணியால துடைச்சிருங்க, இல்லன்னா எண்ணெய் தெறிக்கும், சிவக்கவும் செய்யாது, ஏன்னா மேல ஈரம் இருக்கும்வரை சூடு நூறு டிகிரி தாண்டாது, சிவக்க நூத்தி நாப்பது கிட்ட வேணும். கடாய் நல்லா காஞ்ச பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், சாசேஜ ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பரத்தி, ரெண்டு நிமிஷம் கைவைக்காதீங்க. கிளறிட்டே இருக்கணும்னு கை துறுதுறுங்கும், விடுங்க. அடிப்பக்கம் செம்மண் நிறம் வந்ததும் திருப்பி ஒரு நிமிஷம், உடனே தட்டுல எடுத்து வச்சிருங்க. கடைசியில சாஸுல சேக்கற வரைக்கும் அத தொடாதீங்க. உள்ள பிங்க்கா இருக்கேன்னு பயந்து கூட வேகவைக்கவும் வேண்டாம், அது கெடாம இருக்க சாசேஜுல சேக்கற நைட்ரைட்டுங்கற உப்பால வர நிறம், வேகாததால இல்ல.

இதெல்லாம் வெந்த சாசேஜுக்குத்தான். இத்தாலிக்காரங்க பாஸ்தாவுல போடுற சாசேஜ் வேற ஜாதி, கொத்துன பச்சைப் பன்னி இறைச்சி, பல ஊர்ல பெருஞ்சீரகமும் போடுவாங்க. அந்த மாதிரி பச்சை சாசேஜ் எங்கயாவது கிடைச்சா தோல கீறி உள்ள இருக்கத எடுத்து உதிர்த்து, பிங்க் நிறம் சுத்தமா போற வரைக்கும் வதக்கணும், அங்க அவசரம் ஆகாது. கேரளா பக்கம் கூத்தாட்டுகுளத்துல இருக்க மீட் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாங்கற அரசு கம்பெனியும் சாசேஜ் போடுறாங்க, எத வாங்கினாலும் வெந்ததா பச்சையான்னு கவர்ல பாத்துட்டு செய்யுங்க. உங்க சிக்கன் சாசேஜுக்கும் அந்த வாசம் வேணும்னா அரை ஸ்பூன் பெருஞ்சீரகத்த ஒண்ணுரெண்டா இடிச்சு எண்ணெயில போடுங்க. செலவே இல்ல, ஆனா ஆளே மாறிரும்.

சாசேஜ எடுத்த அதே கடாயில, அந்த ஒட்டுனத சுரண்டாம, உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், ஒரு பத்து பன்னெண்டு, பூண்டு அஞ்சாறு பல் தட்டிப் போட்டு வதக்குங்க, அடியில பிடிச்சதெல்லாம் உள்ளியோட ஈரத்துலயே இளகி வந்துரும், ருசி முழுக்க அதுலதான் இருக்கு. பிறகு குடைமிளகாயும் காளானும், தீய கூட்டி, உப்பு போடாம. முதல்லயே உப்பு போட்டா தண்ணி இறங்கிரும், அதுதான் உங்க வீட்ல நடக்குது. ரெண்டு கை காய் போட்டாலே கடாய் நிறைஞ்சிரும்னா ரெண்டு தடவையா வதக்குங்க, சேத்து போட்டு தண்ணி வத்தக் காத்திருக்கறத விட இது சீக்கிரம் முடியும். தக்காளி வேணும்னா மூணு பழுத்தத துருவி ஊத்தி எண்ணெய் தெளிஞ்சு வர வரைக்கும் விடணும், அரைகுறையா எடுத்தா பச்சை வாசமும் தண்ணியும் மிச்சம்.

இந்த நேரத்துல பாஸ்தா பதம் வந்திருக்கும். குழாய்ல காட்டி கழுவவே கழுவாதீங்க, அந்த மாவுப் பசைதான் சாஸ பிடிச்சு வைக்கும். முதல்ல பாஸ்தா வெந்த கஞ்சித்தண்ணி ஒரு டம்ளர் எடுத்து வச்சிட்டு, ஓட்டைக் கரண்டியால பாஸ்தாவையும் காயையும் அள்ளி நேரா கடாயில போடுங்க, அரை டம்ளர் கஞ்சித்தண்ணி விட்டு தீய கூட்டி ரெண்டு நிமிஷம் புரட்டுங்க. தண்ணி வத்தி பளபளன்னு பாஸ்தா மேல ஒட்டி வரும், இறுகுனா இன்னும் கொஞ்சம் விடலாம். அப்ப சாசேஜ், நல்லமிளகு தட்டினது, சீஸ் க்யூப் ஒண்ணோ ரெண்டோ துருவி, அடுப்ப அணைச்சிட்டு கலக்குங்க. உப்பு பாக்கறது இங்கதான், அதுக்கு முன்னாடி இல்ல.

தேங்காண்ணெய் விஷயத்துல மாமியார்ட்ட சண்டைக்கு நிக்காதீங்க. தக்காளி சாஸுக்கு அந்த வாசம் ஒத்துவராதுங்கறது என் அபிப்பிராயம், தக்காளி போடற அன்னைக்கு வெண்ணெய்ல செய்யுங்க, வெண்ணெய யாரும் தடுக்கப் போறதில்ல. ஆனா தக்காளி இல்லாம பூண்டு, நல்லமிளகு, முருங்கை இலைன்னு போனா தேங்காண்ணெய் அருமையா பொருந்தும். இத்தாலியோட தெற்குப் பக்கம் கசப்புக் கீரையும் சாசேஜும் சேத்து பாஸ்தா செய்யறது சாதாரணம், கொழுப்புக்கு அந்தக் கசப்பு ஈடு கொடுக்கும். நம்ம முருங்கை இலை அந்த வேலைய அப்படியே செய்யும், ஒரு கைப்பிடி உருவி கடைசி ஒரு நிமிஷம் போட்டா போதும். பிள்ளைங்க வெள்ளை சாஸ் கேட்டா மைதா கிண்டிட்டு நிக்க வேண்டாம், தேங்காப்பால் முக்கால் டம்ளர் தீய குறைச்சு ஊத்துங்க, தளதளன்னு கொதிக்க விட்டா திரிஞ்சிரும்.

குக்கர் எனக்குப் பிடிக்காது. பாஸ்தா நுரைக்கும், நுரை போய் விசில் துவாரத்துல அடைச்சா சிக்கல், ஒரு விசிலுக்குள்ள பதம் எங்க நிக்குதுன்னு திறந்து பாக்கவும் வழி இல்ல. பாத்திரம் குறையணும்ங்கறதுதான் உங்க கணக்குன்னா அகலமான கடாயில கால் கிலோ பாஸ்தாவுக்கு முக்கால் லிட்டர் தண்ணி, வதக்குன உள்ளி, காய் எல்லாம் சேத்து, மூடாம அடிக்கடி கிண்டி வேகவிடுங்க, தண்ணி வத்தும்போது பாஸ்தா பதம் வந்திருக்கும், வடிக்கவே வேண்டாம். சாசேஜ் அப்பவும் தனியா சிவந்து கடைசியிலதான் வரணும்.

வாரத்துல ஒருநாள்னு சொன்னீங்க, அதுக்கு மேல கூட்ட வேண்டாம். பதப்படுத்துன இறைச்சிய உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015ல புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பட்டியல்ல சேத்திருக்கு, உப்பும் அதிகம். ஒரு ஆளுக்கு ஒண்ணு, ஒண்ணரை சாசேஜ் போதும், தட்டு நிறைய காய் இருக்கட்டும்.

மிஞ்சினா மறுநாள் டிஃபனுக்கு ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி போட்டு நல்லா சூடாக்கி கொடுக்கலாம். பாக்கெட்ட பிரிச்ச சாசேஜ ஃப்ரீசர்ல இருந்து இறக்கிட்டா ஃப்ரிட்ஜ்ல வச்சு மூணு நாளைக்குள்ள தீத்திருங்க. மழைக்காலத்துல நம்ம பக்கம் கரண்ட் போனா மணிக்கணக்கா வராது, அதனால ஃப்ரீசர்ல கிடந்தது முழுசா இளகி குளிர்ச்சியும் போயிருந்தா மறுபடி உறையவைக்காதீங்க, தூரப் போடுங்க.